வைக்கோலில் ஆராய்ச்சி செய்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா,

வேதியியல் பட்டப்படிப்பை முடிக்கப் போகும் உங்கள் மகள், தாவரக் கழிவிலிருந்து ரசாயனம் தயாரிக்கும் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றில் சேர ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "வைக்கோலையும் மரத்தூளையும் வைத்துக்கொண்டு இவள் எங்கே வேலைக்குப் போவாள்?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

இது நேற்று முளைத்த துறை இல்லை. 1920களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் குவாக்கர் ஓட்ஸ் நிறுவனம், மலைபோலக் குவிந்துகிடந்த ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃபியூரல் என்ற ரசாயனத்தைத் தயாரித்து விற்றது. அந்தப் பெயரே தவிட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இன்றும் அது மக்காச்சோளக் கதிர்க்கட்டை, கரும்புச் சக்கை போன்றவற்றிலிருந்துதான் வருகிறது. நார்வேயின் போரேகார்ட் நிறுவனம் 1962 முதல் மரத்திலிருந்து வனிலின், அதாவது வெனிலா வாசனை தரும் பொருள், எடுக்கிறது. உலகின் வனிலினில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து வரும்போது, இவர்கள் மரத்தை வைத்தே இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் இன்னும் ஆராய என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பெட்ரோலியத்தில் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். அதில் ஆக்சிஜனைச் சேர்த்துத் தேவையான பொருளைச் செய்வதில் வேதியியலாளர்கள் ஒரு நூற்றாண்டாகக் கைதேர்ந்துவிட்டார்கள். தாவரம் நேர் எதிர். தாவரத்தின் நார்களை ஆக்கும் செல்லுலோஸின் எடையில் ஏறக்குறையப் பாதி ஆக்சிஜன். இங்கே அதை அளவாக நீக்க வேண்டும், வேண்டிய இடத்தில் மட்டும் விட்டுவைக்க வேண்டும். பழைய செய்முறைகள் அப்படியே உதவாது. அதனால்தான் வினையை வேகப்படுத்தும் புதிய வினையூக்கிகளும், உயிரினங்களில் அதே வேலையைச் செய்யும் நொதிகளும் தேவைப்படுகின்றன.

அதிலும் லிக்னின் என்றொரு பொருள் இருக்கிறது. மரத்தின் நார்களைப் பசைபோல ஒட்டிவைத்திருப்பது அதுதான். மர எடையில் கால்வாசி அளவுக்கு இருக்கும். ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகச் சேர்ந்த பென்சீன் வளையங்கள் நிறைந்தது என்பதால் பிசின், நைலான் போன்றவற்றுக்கான மூலப்பொருள்களை இதிலிருந்து எடுக்க முடியும். ஆனால் காகித ஆலைகள் இதைக் கருப்பான கழிவுத் திரவமாகப் பிரித்து, பெரும்பாலும் கொதிகலனில் எரித்துவிடுகின்றன. எரிக்காமல் உடைத்தெடுக்கலாம் என்று அமிலம் சேர்த்துச் சூடாக்கினால், உடைந்த துண்டுகள் தங்களுக்குள் மறுபடி ஒட்டிக்கொண்டு கெட்டியான பழுப்புக் கட்டியாகிவிடும். 2016-ல் சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகக் குழு, அப்படி ஒட்டிக்கொள்ளும் இடங்களில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தைப் பூட்டுபோல மாட்டி அதைத் தடுத்துக் காட்டியது. 2020-ல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகக் குழு, பிர்ச் மரத்திலிருந்து, பிசினும் பிளாஸ்டிக்கும் செய்ய உதவும் ஃபீனாலையும் புரொப்பிலீனையும் எடுத்தது. இரண்டுமே இன்று பெட்ரோலியத்திலிருந்து வருபவை. உங்கள் மகளை ஈர்த்தது இந்த மாதிரி வேலையாகத்தான் இருக்கும். அது நல்ல ஈர்ப்பு.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டூபாண்ட் நிறுவனம் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பெரிய ஆலை ஒன்றை 2015-ல் திறந்தது. 2017-லேயே அந்தத் தொழிலை விட்டு விலகப்போவதாக அறிவித்துவிட்டது. எண்ணெய் குழாயில் ஓடி வரும். வைக்கோல் அப்படி வராது. அறுவடை நேரத்தில் மட்டும் கிடைக்கும், வயல் வயலாகச் சேர்க்க வேண்டும், எடை கொஞ்சம் என்றாலும் இடத்தை அடைக்கும், நனைந்தால் மக்கும், மண்ணோடு வரும். ஆய்வுக்கூடத்தில் ஜெயித்தது ஆலையில் தோற்பதற்கு இதெல்லாம் காரணம். ஆகவே இந்த ஒரு தொழிலை மட்டும் நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

என் கருத்து இதுதான். அவள் சேரட்டும். ஆனால் பட்டத்தின் பெயர் வேதியியல், கெமிக்கல் இன்ஜினியரிங், உயிர்த் தொழில்நுட்பம் என்று பரந்ததாக இருக்கட்டும். தாவரக் கழிவு என்பது ஆய்வுத் தலைப்பாக இருந்தால் போதும். பட்டத்தின் பெயரிலேயே இந்தத் துறையைக் குறுக்கிப் போட்டிருக்கும் படிப்புகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இதில் அவள் என்ன கற்றுக்கொள்வாள் என்று கேட்டால், ஒரு காட்சியைச் சொல்கிறேன். இதே துறையில் படித்த மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டை என்னிடம் காட்டினாள். உலையில் போட்டது பத்து கிராம் மரத்தூள். வடிதாளில் நின்றது, திரவத்தில் கரைந்தது, வாயுவாகப் போனது, பாத்திரத்தின் உள்சுவரில் கருப்பாக ஒட்டியது எல்லாவற்றையும் எழுதிக் கூட்டியிருந்தாள். ஏழு கிராம்தான் வந்திருந்தது. மீதி மூன்று கிராம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்தத் தேடலில், கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்தறியும் குரோமட்டோகிராஃபி கற்றாள், அழுத்த உலையைக் கையாளக் கற்றாள், கணக்குச் சரியாக வராத முடிவை நம்பக் கூடாது என்பதையும் கற்றாள். மருந்து, பாலிமர், காகிதம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு என்று எங்கே போனாலும் இந்தத் திறமைக்கு வேலை உண்டு.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது முக்கியமாக ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: அவர்கள் நிஜமான வைக்கோலையும் மரத்தையும் கையாள்கிறார்களா, அல்லது பாட்டிலில் வாங்கிய சுத்தமான மாதிரிச் சேர்மத்தை மட்டும்தானா? ஆரம்பத்தில் மாதிரிச் சேர்மம் தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிப் பாடம்தான் கிடைக்கும். நிஜ வைக்கோலில் சிலிக்காவும் உப்பும் இருக்கும், அவை வினையூக்கியைக் கெடுக்கும். அந்தச் சண்டையைப் பார்த்தவர்களைத்தான் தொழிற்சாலைகள் தேடுகின்றன. செலவுக் கணக்குப் போடச் சொல்லித்தருகிறார்களா, ஆய்வு நிதி இன்னும் எத்தனை வருடத்துக்கு இருக்கிறது என்பதையும் கேட்கட்டும்.

பிஎச்.டி. பற்றி இப்போதே முடிவு செய்ய வேண்டாம். முதலில் ஆய்வேட்டுடன் கூடிய முதுகலை. அதன் கடைசி ஆறு மாதத்தில், உலை பழுதாகி மூன்று வார வேலை வீணான பிறகும் மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போகத் தோன்றுகிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், அந்தக் குழுவில் படித்து வெளியேறிய இரண்டு மூன்று பேரிடம் அவளே பேசட்டும். இப்போது என்ன வேலை செய்கிறார்கள், அது கிடைக்க எத்தனை மாதம் ஆனது என்று நேரடியாகக் கேட்கட்டும். அந்தப் பதில்களோடு வாருங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து எழுதிவிடலாம்.