சீகன்பால்கு என்ற குடும்பப்பெயருக்கு என்ன பொருள்? எத்தனை பேருக்கு அது இருக்கும்?

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ மதப்பணியாளர் சீகன்பால்கு பிறந்தது ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் ஊரில். ஜெர்மனில் ‘த்சீகெ’ வெள்ளாடு. ‘பால்க்’ உரித்த தோல். ஆக, ஆட்டுத்தோல்! தோல் வேலை செய்த ஒரு முன்னோரின் பட்டப்பெயர் பரம்பரைக்கே நிலைத்திருக்கலாம். இன்றைய பேச்சில் ‘பால்க்’ அடங்காத பிள்ளையையும் குறிக்கும். அதை வைத்துப் பொருள் சொல்வது தவறு.

எண்ணிக்கைக்கு ஜெர்மன் பெயராய்வாளர்கள் ஒரு பெயரில் 2005-ஆம் ஆண்டில் இருந்த தரைவழித் தொலைபேசி இணைப்புகளை எண்ணி 2.8-ஆல் பெருக்குகிறார்கள். 50 இணைப்பு என்றால் சுமார் 140 பேர். செல்பேசி பெருகிய பிந்தைய பட்டியல்கள் இதற்கு உதவா. அரிய பெயர்களில் இந்தக் கணக்கு ஆட்டம் காணும்: ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு இருந்தாலே விடை பிசகிவிடும். எழுத்து மாறிய வடிவங்களையும் தேடிப் பாருங்கள். பழைய தேவாலயப் பதிவேடுகளில் எழுத்துக்கூட்டல் நிலையாக இருந்ததில்லை.