எல்லைக்கு வெளியே நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

கொரோனாக் காலத்தில் எல்லைகள் மூடப்பட்டதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எல்லையை மூடுவது அரசுகளுக்கு மிக எளிதாகக் கிடைத்துவிட்ட ஆயுதம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

நான் பெர்த்தில் இருக்கிறேன். முதல் சில வாரங்களையும் இடையே வந்த மூன்று சிறிய ஊரடங்குகளையும் தவிர்த்தால், 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் இங்கே வாழ்க்கை வழக்கம்போலத்தான் நடந்தது. அலுவலகம் போனோம், பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், கோயிலும் திறந்திருந்தது. அதே 2021 மே மாதத்தில் மதுரையிலிருந்து வந்த ஒவ்வொரு அழைப்பும் ஒரு சாவுச் செய்தி. என் தங்கை கல்யாணத்தை ஜூமில்தான் பார்த்தேன். வருத்தம்தான், ஆனால் அதை ஒரு விலை என்று சொல்ல மாட்டேன்.

நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சிங்கப்பூரும் மூடின, பிழைத்தன. இந்தியா ஊரைத்தான் அடைத்தது, நோயை விட்டுவிட்டது. இதை ஒப்புக்கொள்ள ஏன் தயங்குகிறீர்கள்? அடுத்த கொள்ளைநோய் வந்தால் எல்லையை மூடச் சொல்வீர்களா, மாட்டீர்களா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஆர்., பெர்த்

*

அன்புள்ள ஆர்.,

மூடச் சொல்வேன். எதை மூடுவது, யார் செலவில் மூடுவது என்பதில்தான் நமக்குள் வழக்கு.

உங்கள் மாநிலத்தின் கணக்கு மறுக்க முடியாதது. சுமார் 27 லட்சம் பேர் வாழும் மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் கொரோனாவுக்கு இறந்தவர்கள் 9 பேர். 2020 ஏப்ரல் 5 அன்று மூடிய மாநில எல்லை 2022 மார்ச் 3 அன்று முழுதாகத் திறந்தபோது, பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசி வந்து சேரும்வரை நோயை வாசலிலேயே நிறுத்தி வைத்தது அந்த எல்லை.

ஆனால் உங்கள் அன்றைய முதல்வர் மார்க் மெக்கவன் 'தீவுக்குள் ஒரு தீவு' என்று சொன்னாரே, அது வெறும் மேடைப்பேச்சு அல்ல. பெர்த்துக்குப் பக்கத்துப் பெருநகரம் என்று பார்த்தால் அடிலெய்டு, 2,000 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் நல்லார்பார் பொட்டல்வெளி. மாநிலத்தை விட்டு வெளியே போகும் தார்ச்சாலைகள் இரண்டே இரண்டு. இரண்டிலும் ஒரு சோதனைச்சாவடி, விமான நிலையத்தில் கொஞ்சம் போலீஸ், அவ்வளவுதான் வேலை. அதே நாட்டின் கிழக்குக் கரைக்குப் போங்கள். குயின்ஸ்லாந்தின் கூலங்கட்டாவும் நியூ சவுத் வேல்ஸின் ட்வீட் ஹெட்ஸும் பெயரில்தான் இரண்டு ஊர். தெருவின் இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் இன்னொரு மாநிலம். (கோடையில் ஒரு மணி நேர வித்தியாசம் வேறு. அந்த ஊர்க்காரர்கள் விரும்பினால் ஒரே இரவில் இரண்டு முறை புத்தாண்டு கொண்டாடலாம்.) அங்கே தண்ணீர் நிரப்பிய ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் தடுப்புகளைத் தெரு நெடுக வரிசையாக வைத்தார்கள். 2021 செப்டம்பரில் தந்தையர் தினத்தன்று குடும்பங்கள் தடுப்பின் இரு பக்கமும் வந்து நின்று, இடுப்பளவு பிளாஸ்டிக்குக்கு மேலாக எட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டன. பெர்த்துக்கு ஒத்துவந்த விதிதான் இங்கும். ஆனால் இங்கே அது ஒரு ஊரையே இரண்டாக அறுத்தது.

ஆகவே மேற்கு ஆஸ்திரேலியாவை மதுரையோடு ஒப்பிடாதீர்கள். இந்தியாவில் ஜோடி தேட வேண்டுமானால் லட்சத்தீவு இருக்கிறது. 2020இல் அங்கே போகக் கப்பலேற வேண்டுமானால், முதலில் கொச்சியில் ஒரு வாரம் தனிமையில் இருந்து பரிசோதனையில் தேற வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் லட்சத்தீவில் ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. டிசம்பரில் விதியைத் தளர்த்தி, தொற்று இல்லை என்ற பரிசோதனைச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றார்கள். 2021 ஜனவரியில் முதல் தொற்று வந்தது. சுமார் 65,000 பேர் வாழும் அந்தத் தீவுகளில் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோருக்குப் பரவியது. உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, நானே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி என் தரப்பு. எல்லை மூடலையும் ஊரடங்கையும் நீங்கள் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். அரசியலில் இரண்டும் நேர் எதிரானவை. ஊரடங்கின் வலி உள்ளே இருப்பவனுக்கு. அவன் கடை அடைபடும், அவன் பிள்ளை பள்ளிக்குப் போகாது. ஆறு ஊரடங்குகளில் 262 நாள் அடைபட்டுக் கிடந்த மெல்பர்ன்காரர்கள் தெருவில் இறங்கிக் கத்தியதை அரசு கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. எல்லை மூடலின் வலியோ வெளியே நிற்பவனுக்கு. உள்ளே இருப்பவனுக்கு அது பெரும்பாலும் நிம்மதி. 2021 மார்ச் தேர்தலில் மெக்கவனின் கட்சி 59 இடங்களில் 53ஐ அள்ளியது. லிபரல் கட்சிக்குக் கிடைத்தது இரண்டு இடம், அதன் தலைவரே தோற்றுப்போனார். இப்படி வாக்கு விளையும் ஒரு கட்டுப்பாட்டை எந்த அரசு தானாக முன்வந்து நீக்கும்? தொடங்கும்போது மருத்துவக் காரணம் இருக்கிறது. நீடிக்கும்போதும் அந்தக் காரணம் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவன் வெளியே நிற்கிறான், அவன் குரல் உள்ளே எட்டுவதில்லை.

2021 மே மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், மதுரையிலிருந்து உங்களுக்கு அழைப்புகள் வந்த அதே மாதம். இந்தியாவில் இருந்துவிட்டு 14 நாட்களுக்குள் திரும்பி வரும் ஆஸ்திரேலியக் குடிமகனுக்கு ஐந்தாண்டு வரை சிறை அல்லது 66,600 டாலர் வரை அபராதம் என்று மே 3 முதல் 15 வரை ஓர் ஆணை நடப்பில் இருந்தது. திரும்பி வரப் பதிவு செய்துவிட்டு இந்தியாவில் காத்திருந்தவர்கள் சுமார் 9,000 பேர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நோய் உச்சத்தில் இருந்தபோது அங்கிருந்து திரும்பியவர்களுக்கு இப்படி ஓர் ஆணை வரவில்லை. பெங்களூரில் சிக்கிக்கொண்ட ஒரு முதியவர் சிட்னியில் வழக்குத் தொடுத்தார், நிற்கவில்லை. போதாததற்கு, 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நாட்டைவிட்டு வெளியே போகவும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாததை விலை என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. தங்கையையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம்.

நாட்டின் விளிம்பில் மட்டும் எல்லை இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். வெளியே நிறுத்தப்படுபவர்களை ஊருக்குள்ளேயே உண்டாக்க முடியும் என்பதையும் அந்த ஆண்டுகள் காட்டின. நீங்கள் பட்டியலிட்ட சிங்கப்பூரையே பார்ப்போம். 2020 முழுவதும் அங்கே கொரோனாவுக்கு இறந்தவர்கள் 29 பேர். அட்டவணையில் போட்டால் தலைசிறந்த நாடு. அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட கணக்கின்படி, வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தங்கியிருந்த 3,23,000 பேரில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை என்றால் வேறு என்ன நடக்கும்? இருந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவு. சிகிச்சைக்கும் உணவுக்கும் அரசு ஏற்பாடு செய்தது, அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் என் கவலை. 2020 ஜூன் 19 முதல் சிங்கப்பூர்வாசிகள் ஐந்து பேர் வரை சேர்ந்து உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றானது. விடுதி ஊழியர்களுக்கு வேலையிடம் உண்டு, விடுதி உண்டு, அவர்களுக்கென்று ஒதுக்கிய பொழுதுபோக்கு நிலையம் உண்டு, வேறெங்கும் போகக் கூடாது. 2021 செப்டம்பரில் ஒரு முன்னோட்டத் திட்டம் வந்தது. தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஆறு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். மூன்று லட்சம் பேரில் வாரம் 500. அந்த ஊழியர்களில் எத்தனை பேர் நம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் என்பது உங்களுக்கும் தெரியும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு தேநீர் குடிக்க ஒன்றரை ஆண்டு காத்திருந்து, பிறகு பேருந்தில் அணியணியாகப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. ஒரே தீவில் இரண்டு நாடுகள். அவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை, இங்கே வாக்கு இருந்தும் போட வர முடியாது.

வாக்கு இருந்தாலும் ஏழையாக இருந்தால் ஏறக்குறைய இதே கதிதான். 2020 ஜூலை 4 அன்று மெல்பர்னில் ஒன்பது அரசு அடுக்குமாடிகளைப் போலீஸ் சுற்றி வளைத்தது. உள்ளே சுமார் 3,000 பேர், பெரும்பாலும் குடியேறியவர்களும் அகதிகளும். மற்ற ஊருக்கெல்லாம் அவகாசம் கொடுத்தவர்கள் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. பால் பவுடர் வாங்கி வைக்கக்கூட நேரமில்லை. பின்னர் விசாரித்த மாநிலக் குறைதீர்ப்பாளர் அது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்றே எழுதினார். அடுத்த ஆண்டு சிட்னியில் கடற்கரைப் பகுதிகளை ஒரு மாதிரியும் மேற்குப் புறநகரங்களை இன்னொரு மாதிரியும் நடத்தினார்கள். தமிழர்கள் நிறைந்த பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கமெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது, கதவைத் தட்டிப் பார்க்க ராணுவம் வந்தது. பாண்டைக் கடற்கரையில் அன்று நடைப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

இந்தியாவைத் தப்பவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச் இறுதியில் கர்நாடகம், கேரள எல்லையிலுள்ள தலப்பாடியில் தேசிய நெடுஞ்சாலையின் மேலேயே மண்ணைக் கொட்டி வழியை அடைத்தது. வடக்குக் காசர்கோட்டுக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மங்களூர்தான், திருவனந்தபுரம் அல்ல. ஆம்புலன்ஸ்கள் திருப்பி அனுப்பப்பட்டன, நோயாளிகள் சிலர் வழியிலேயே இறந்தார்கள். கொரோனாவால் அல்ல, அடைத்த சாலையால். ஏப்ரல் 1 அன்று கேரள உயர் நீதிமன்றம் தடையை அகற்றச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் நோயாளிகளுக்கு வழி பிறந்தது. சென்னையில் இ-பாஸுக்காக விண்ணப்பித்து விண்ணப்பித்து ஓய்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

இந்த இடத்தில் எனக்கு நியூசிலாந்தின் மேல் மரியாதை உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அங்கே திரும்பி வர விரும்பிய குடிமக்களுக்கு, தனிமைப்படுத்தும் ஹோட்டல் அறைகளை 2021 செப்டம்பர் முதல் கணினிக் குலுக்கலில் ஒதுக்கினார்கள். சில ஆயிரம் அறைகளுக்குப் பல்லாயிரம் பேர். சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க வருபவனுக்கும் சுற்றுலா முடிந்து திரும்புபவனுக்கும் பெரும்பாலும் ஒரே குலுக்கல். வெளியே நின்றவர்கள் சங்கமாகத் திரண்டு வழக்குப் போட்டார்கள். தனிமைப்படுத்துவது சரி, குலுக்கலில் தனிமனிதரின் அவசரத்துக்கு உரிய இடம் தராததால் சிலரது நாடு திரும்பும் உரிமை நியாயமின்றிப் பறிபோனது என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லையைக் காப்பாற்றிக்கொண்டே எல்லையின் அநியாயத்தைப் பிரித்துக் காட்டிய தீர்ப்பு அது. அங்கே உரிமைச் சாசனத்தில் குடிமகன் நாட்டுக்குள் நுழையும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சியில் அப்படி ஒரு சாசனமே இல்லை.

மூடுவதானால் முதல் வேலை, திரும்பி வருபவர்களைத் தனிமையில் தங்கவைக்கக் கட்டில் போடுவது. மெல்பர்னில் இரண்டாம் அலை கிளம்பியது தனிமை ஹோட்டல்களிலிருந்துதான். அவசரத்துக்கு அமர்த்திய அன்றாடக்கூலிக் காவலர்கள், போதிய பயிற்சி இல்லை. விசாரணைக் குழு 768 சாவுகளை அந்த ஓட்டையோடு சேர்த்துக் கணக்கிட்டது. அதே சமயத்தில் டார்வினுக்கு வெளியே ஹோவர்ட் ஸ்பிரிங்ஸில், எரிவாயுத் திட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய முகாம் ஒன்று இருந்தது. தனித்தனி அறைகள், ஒவ்வொன்றுக்கும் திறந்த தாழ்வாரம், நல்ல காற்று. அதைப் போல நான்கைந்து முகாம்களை 2020லேயே கட்டியிருந்தால், அந்த 9,000 பேரைச் சிறை என்று மிரட்ட வேண்டியே இருந்திருக்காது. கட்டினார்கள், தாமதமாக. உங்கள் பெர்த்துக்கு வெளியே புல்ஸ்புரூக்கில் 500 படுக்கைகளோடு ஒன்று எழும்பியது. அது தயாராகும் முன்பே எல்லை திறந்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.