சுல்காட்டா ஆமைக்குஞ்சுக்கு வெள்ளரியும் தக்காளியும் போதுமா? கால்சியம் பொடி தேவையா?

போதவே போதாது. சுல்காட்டா ஆப்பிரிக்கப் புல்வெளியில் மேய்ந்து வாழும் இனம். நார்ச்சத்துதான் அதற்கு ஆதாரம். அருகம்புல்லைப் பொடியாக நறுக்கி, செம்பருத்தி இலையோடும் முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலோடும் கொடுங்கள். பாலக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாது.

கால்சியம் கட்டாயம் வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை, ஈர இலையின்மேல் ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் பொடியைத் தூவினால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். கணவாய் ஓடு ஒன்றையும் கூண்டில் போட்டுவையுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும். ஆனால் வெயில் படாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது. கொடுத்த கால்சியமும் வீண். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது. உச்சி வெயிலோ குஞ்சைக் கொன்றேவிடும். காலை வெயிலில், ஒதுங்க நிழலுள்ள இடத்தில் விடுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உங்களிடம் இருப்பது நட்சத்திர ஆமை என்றால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். உடனே வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.