ஒன்பதாவது பலாமரம்

கேள்வி: ஒரே கதை, ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. போன வருஷம் ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே கழித்துவிட்டார்கள். இந்த வருஷம் வேறொரு போட்டியில் இரண்டாம் பரிசு. நடுவர்கள் எதைப் பார்த்துத்தான் மார்க் போடுகிறார்கள்?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: கேள்வியோடு கதையின் நகலையும், போன வருஷம் முதல் பரிசு வாங்கிய கதையை ‘இதெல்லாம் ஒரு கதையா’ என்று கிழித்த நான்கு பக்கங்களையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த நான்கு பக்கத்தைப் படிக்கவில்லை. கதையைப் படித்தேன், அதற்கு அப்புறம் வருகிறேன்.

நானும் நடுவராக இருந்தவன்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்ததே, அதற்கு அடுத்த வருஷம் புதுச்சேரியில் ஒரு போட்டிக்கு வந்த நூற்றுச் சொச்சம் கதைகள் கட்டாக என் வீட்டுக்கு வந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்திருந்த நேரம், எழுதாமல் இருப்பார்களா? முதல் கதையில் பலாமரம் விழுந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, 74 போட்டேன். ஒன்பதாவது மரம் விழும்போது ராத்திரி பதினொன்றரை, ‘சரி, இதுவும் விழுந்துதா’ என்று 48 போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஏதோ உறுத்தி மறுபடி எடுத்துப் படித்தால், இரண்டில் அதுதான் நல்ல கதை. முதல் மரம் கொஞ்சம் அழுமூஞ்சி மரம். திருத்தினேன். உறுத்தாமலே போனவை எத்தனையோ.

அப்புறம் கூட்டல் கணக்கு. மூன்று நடுவர்கள் ஒரு கதைக்கு 90, 45, 50 போடுகிறார்கள், மொத்தம் 185. இன்னொன்றுக்கு 65, 64, 66, மொத்தம் 195. ஒருத்தரைத் தூங்கவிடாமல் செய்த கதை வெளியே, யாரையும் ஒன்றும் செய்யாத கதை மேடையில். இதில் சதி எதுவும் இல்லை. மார்க்கை விட்டுவிட்டு, நடுவர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் போட்டிகளும் உண்டு, அங்கே குரல் பெரியவர் ஜெயிப்பார், அது வேறு தலைவலி. 1901-ல் இலக்கியத்துக்கான முதல் நோபல் பரிசே டால்ஸ்டாய் உயிரோடு இருக்கும்போது சல்லி புருதோம் என்ற பிரெஞ்சுக் கவிஞருக்குத்தான் போனது. (உங்களை டால்ஸ்டாய் என்று சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.)

ஒன்று கேட்கிறேன். இரண்டாம் பரிசு கொடுத்தவர்கள் எதைப் பார்த்து மார்க் போட்டார்கள் என்று உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையே, ஏன்? அவர்களும் ஏதோ ஒரு ராத்திரியில் படித்தவர்கள்தானே.

நடுவருக்குப் பிடித்ததை மோப்பம் பிடித்து எழுதவும் கிளம்பிவிடாதீர்கள், அடுத்த வருஷம் ஆள் மாறிவிடுவார். ஆனால் கழித்தவர்கள் ‘தொடக்கம் இழுவை’ என்றார்களாம். பரிசு கொடுத்தவர்கள் ‘கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் அருமை’ என்றார்களாம். இரண்டையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், முன்னதைத் திட்டு என்றும் பின்னதைப் பாராட்டு என்றும் நினைத்துக்கொண்டு. முன்பின் தெரியாத இரண்டு கூட்டம் ஒரே இடத்தில் இடறினால் அங்கே கல் கிடக்கிறது என்று அர்த்தம். நானும் இடறினேன். கடலூரில் பஸ் ஏறும் உங்கள் நாயகன் பண்ருட்டிக்குப் போய்த்தான் கதையே தொடங்க வேண்டும், மூன்றாம் பக்கம் முடிகிறது, பஸ் இன்னும் நெல்லிக்குப்பம் தாண்டவில்லை.