கடைசிப் பாட்டு முடிந்ததும் மைக்கில் என்ன பேசுவது?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கோயில் திருவிழாக்களில் பாடும் சிறிய இன்னிசைக் குழு எங்களுடையது. முடிக்கும்போது கூட்டத்தைக் கொஞ்சம் கலாய்த்து அனுப்பினால் சில ஊர்களில் அதுவே வம்பாகிவிடுகிறது. எப்படிப் பேசலாம்?

பதில்: கர்நாடகக் கச்சேரிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சௌராஷ்டிர ராகத்தில் முடிவுப் பாட்டான மங்களத்தை எடுத்தாலே சனங்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் வாயால் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

கேலி உங்கள் குழுவின் மேலேயே விழட்டும். "டிரம்ஸ் அண்ணன் பசியில எங்களையே அடிக்கப் பார்க்கிறாரு, விட்டுடுங்க சாமி" என்றால் யாருக்கும் வலிக்காது. முன்வரிசையில் தூங்கும் பெரியவர், தெரு, கட்சி எதையும் தொடாதீர்கள். "விடிஞ்சா நாத்தங்காலுக்குப் போகணும், கிளம்புங்க" என்பது டெல்டாவில் நன்றாக எடுபடும், மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறந்திருந்தால். வழக்கமான ஜூன் 12 போய் ஜூலை 28-ல் திறந்த 2024 மாதிரி வருடத்தில் சொன்னால் குத்திக்காட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வம்பு பெரும்பாலும் கச்சேரி பிடித்துத் தரும் ஏஜென்ட்டிடமிருந்துதான் கிளம்பும். முடிகிற நேரத்தில் நன்றி சொல்ல ஒரு துண்டுச்சீட்டை நீட்டுவார். அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் பேச்சு வாங்குவது நீங்கள். பட்டியலை விழாக் குழுவே வாசிக்கட்டும். பாக்கிப் பணத்தையும் கடைசிப் பாட்டுக்கு முன்பே கையில் வாங்கிவிடுங்கள். அதை மைக்கில் சிரிப்பாகக்கூடச் சொல்லாதீர்கள், ஊர் மானம் போச்சு என்று கிளம்பிவிடுவார்கள்.

அப்புறம், அதே ஏஜென்ட் "பர்மிஷன் வாங்கியாச்சு, விடிய விடியப் பாடுங்க" என்பார். நம்பாதீர்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விலக்கு ஒன்று உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு 12 மணி வரை மாநில அரசு அனுமதிக்கலாம், அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல். திருவிழா என்பதாலேயே அது தானாகக் கிடைத்துவிடாது. அரசு அனுமதித்த நாட்களில் உங்கள் நாளும் இருக்க வேண்டும். இருந்தாலும் 12-தான் எல்லை, விடியவிடிய என்ற பேச்சே இல்லை. தேதியும் நேரமும் போட்ட காகிதத்தைக் கண்ணால் பாருங்கள். இந்த ஒரு காகிதத்துக்கு ஸ்டேஷனுக்கும் ஆபீசுக்கும் அலையவிடுவார்கள். கட்சிக் கூட்டம் என்றால் மட்டும் யார் கடிகாரமும் ஓடாது!

சரி, காகிதம் இல்லையா? ஒன்பதரைக்கே "கடைசிப் பாட்டு" என்று அறிவித்துவிடுங்கள். இன்னொன்று கேட்பார்கள், அதற்கு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். போலீஸ்காரர் மேடையோரம் வந்து நின்றால், "ஐயாவுக்காக ஒண்ணு" என்ற கிண்டல் மட்டும் வேண்டவே வேண்டாம்.