வாசகர் கேள்வி – பதில்: நைரோபிச் சாலையில் ஜப்பான் வண்டி, கடையில் யார்?

கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் ஜப்பானின் வணிகத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளிவந்ததைத் தொடர்ந்து, சேலம் மாவட்டத்திலிருந்து மட்டும் எதிர்பாராத அளவுக்குக் கேள்விகள் வந்துள்ளன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, இம்முறை அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தங்கை மகன் நைரோபியில் கணக்கராக வேலை பார்க்கிறான். சாலையில் ஓடுவதெல்லாம் ஜப்பான் வண்டிதான், ஆனால் ஜப்பான்காரர் ஒருவரையும் கண்ணால் பார்த்ததில்லை என்கிறான். அது எப்படி?
– உதிரிபாகக் கடைக்காரர், ஐந்து ரோடு, சேலம்

பதில்: உங்கள் தங்கை மகன் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பழைய வண்டிகள். ஜப்பானில் புதிய காருக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கும் உரிமையாளர்கள் நல்ல நிலையில் உள்ள வண்டியையே விற்றுவிடுகிறார்கள். அவ்வாறு ஏலத்துக்கு வரும் வண்டிகள் கப்பலேறி கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்கும் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்கும் போகின்றன. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகள் என்பதால் அங்கே ஜப்பானைப் போலவே சாலையின் இடப்புறம் செல்கிறார்கள். ஓட்டுநர் இருக்கை வலப்புறம் இருக்கும் ஜப்பானிய வண்டியை எந்த மாற்றமும் இன்றி ஓட்டலாம். வலப்புறம் செல்லும் எத்தியோப்பியாவிலும் ருவாண்டாவிலும் இந்த வசதி இல்லை. கென்யா எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை நாட்டுக்குள் விடுவதில்லை என்பதால் அங்கே போவது ஓரளவு புதியதாகவே இருக்கும். ஆனாலும் பாட்டுப் பெட்டியின் திரை ஜப்பானிய மொழியிலேயே விழித்துக்கொள்ளும், பின்கண்ணாடியில் பழைய ஒட்டுவில்லை அப்படியே இருக்கும். நைரோபியில் மூட்டை, ஆடு, ஆள் என எல்லாவற்றையும் ஏற்றிச் செல்லும் டொயோட்டா புரோபாக்ஸ் இப்படி வந்ததுதான்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். இந்த வியாபாரம் புள்ளிவிவரத்தில் ஜப்பானின் ஏற்றுமதியாகப் பதிவானாலும், அதை நடத்துபவர்களில் கணிசமானோர் ஜப்பானில் குடியேறிய பாகிஸ்தானிய வணிகர்களும், மொம்பாசாவில் வண்டித்திடல் வைத்திருக்கும் அவர்களுடைய உறவினர்களும் கூட்டாளிகளும் ஆவர். டொயோட்டாவுக்கு அந்த விற்பனையில் நேரடி இலாபம் ஏதுமில்லை. உதிரிபாகத் தேவையும் பெயரும்தான் அதற்கு மிஞ்சுகின்றன. புதிய வண்டி விற்பனையிலும் ஜப்பானியர் மற்றவர்களுடைய கடை வழியாகவே நுழைந்தார்கள். டொயோட்டா குழுமத்தின் வணிக நிறுவனமான டொயோட்டா சூஷோ, ஆப்பிரிக்காவில் நூறாண்டுக்கும் மேலாக வணிகம் செய்துவந்த சி.எஃப்.ஏ.ஓ. என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை 2012-இல் வாங்கியது; 2019-இல் டொயோட்டா தன் ஆப்பிரிக்க விற்பனைப் பொறுப்பு முழுவதையும் சூஷோவிடமே ஒப்படைத்துவிட்டது. லாரி தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனமான இசுசுவும் ஜெனரல் மோட்டார்ஸின் நைரோபி நிறுவனத்தில் 57.7 விழுக்காட்டுப் பங்கை 2017-இல் வாங்கித் தன் பெயரை அதற்கு இட்டது. ஆலை, தொழிலாளர், முகவர் எல்லாம் ஏற்கெனவே இருந்தவையே. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜப்பானின் பழக்கம் இதுவென்றே நான் கருதுகிறேன்: பொருள் தன்னுடையது, கடை வேறொருவருடையது.

கேள்வி: கார் சரி. இருசக்கர வண்டியில் மட்டும் நம் நாட்டு வண்டிகள்தான் முன்னிற்கின்றன என்கிறார்களே?
– ஓமலூர் வாசகர்

பதில்: உண்மைதான். உகாண்டாவிலும் கென்யாவிலும் வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் இருசக்கர வண்டிகளில் பஜாஜ் பாக்ஸரும் டி.வி.எஸ். எச்.எல்.எக்ஸ். வண்டியும் பெரும்பங்கு வகிக்கின்றன. ஓமலூர் வழியே போகும் நெடுஞ்சாலையில் வடக்கே ஓசூர் வரை சென்றால் டி.வி.எஸ். ஆலையைப் பார்க்கலாம். விலை குறைவு, பெட்ரோல் சிக்கனம், மரத்தடி மெக்கானிக்கே பிரித்துப் பூட்டக்கூடிய அமைப்பு ஆகியவையே காரணங்கள். ஹோண்டா 2013-இல் கென்யாவில் நிறுவனம் தொடங்கியும் அந்த விலைக்கு இறங்கிவர முடியவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: பஜாஜ் கவாசாகியோடும், டி.வி.எஸ். 2001 வரை சுசுகியோடும் கூட்டு வைத்துத் தொழில் கற்றவை.

கேள்வி: போருக்கு முன்பே ஜப்பான் துணி ஆப்பிரிக்காவுக்குப் போனது என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நெசவுக் குடும்பம் என்பதால் கேட்கிறேன்; அது உண்மையா?
– அம்மாபேட்டை வாசகர்

பதில்: முழுக்க உண்மை, ஜப்பானின் கிழக்கு ஆப்பிரிக்க வணிகத்தில் மிகச் சுவையான பகுதியும் அதுவே. ஒசாகாவின் கப்பல் நிறுவனம் ஒன்று 1926-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நேரடிக் கப்பல் விட்டது. போகும்போது பருத்தித் துணி, வரும்போது உகாண்டாவின் பஞ்சு. சில ஆண்டுகளுக்குள் மலிவான ஜப்பானிய வெள்ளைத் துணி அங்கே அமெரிக்க, ஆங்கிலேயத் துணிகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் கூக்குரல் எழுப்பவே, 1934-இல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகள் பலவற்றில் ஜப்பானியத் துணிக்கு ஒதுக்கீட்டு வரம்பு விதித்தது. ஆனால் கென்யாவிலும் உகாண்டாவிலும் தாங்கனீக்காவிலும் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) அந்த வரம்பை விதிக்க முடியவில்லை. காங்கோ வடிநிலப் பகுதியில் எந்த நாட்டுச் சரக்கையும் பாகுபடுத்தக் கூடாது என்று 1885-இல் பெர்லினில் செய்த ஏற்பாடு கிழக்குக் கரை வரை நீண்டிருந்தது. அதைப் புதுப்பித்த 1919-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஜப்பானும் கையெழுத்திட்டிருந்தது. ஐரோப்பியர் தங்களுக்குள் சண்டை வராமல் இருக்க எழுதிக்கொண்ட விதி, யாரும் நினைத்துப் பாராத மூன்றாமவருக்கு வாசலைத் திறந்துவிட்டது.

அந்தத் துணியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்கள் யார்? குஜராத்திலிருந்தும் கட்ச் பகுதியிலிருந்தும் போன நம்மவர்கள்தாம். இரயில் நிலையமோ சந்தையோ இருக்கும் இடத்திலெல்லாம் தகரக் கூரையின்கீழ் கடை வைத்து, கடனுக்குச் சரக்கு எடுத்து, கடனுக்கே விற்றவர்கள் அவர்கள். காங்கா எனப்படும், பெண்கள் உடுத்தும் இணைத்துணி, நாற்புறமும் கரையும் நடுவில் படமும் கீழே சுவாஹிலி மொழி வாசகமும் கொண்டது. இந்திய வணிகர் மொம்பாசாவிலிருந்து வடிவத்தை அனுப்ப, பிற்காலத்தில் அது ஜப்பானிலும் அச்சாகி வந்தது. வாசகத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் பெண்கள் தொடமாட்டார்கள் என்பதால், மொழி தெரியாத அச்சுக்காரர்கள் படத்தைப் போலவே எழுத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. இன்று ஜப்பானின் இடத்தில் குஜராத்தின் ஜேத்பூரும் சீனாவும் தான்சானியாவின் சொந்த ஆலைகளும் இருக்கின்றன. கூலி உயர்ந்ததும் ஜப்பான் அந்தத் தொழிலை விட்டு விலகிக்கொண்டது. அம்மாபேட்டையிலிருந்து அங்கே துணி விற்க நினைப்பவர்கள் தறியைவிட முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கரையும் வாசகமும்தான்.

கேள்வி: ஜப்பான் ஆப்பிரிக்காவுக்கு 3,000 கோடி டாலர் தருவதாகச் செய்தித்தாளில் படித்தேன். இது முதலீடா, கடனா, தானமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், அஸ்தம்பட்டி

பதில்: மூன்றும் கலந்தது, கலந்திருப்பதால்தான் தொகை பெரிதாகத் தெரிகிறது. 1993-இல் டோக்கியோவில் தொடங்கிய டிகாட் என்னும் ஆப்பிரிக்க வளர்ச்சி மாநாடு 2016-இல் முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணில், நைரோபியில் நடந்தது. அங்கே ஜப்பானின் அப்போதைய பிரதமர் அபே 3,000 கோடி டாலர் அறிவித்தார்; 2022-இல் துனிஸ் மாநாட்டிலும் ஏறத்தாழ அதே தொகைதான் அறிவிக்கப்பட்டது. அரசுக் கடனும் தனியார் முதலீட்டு எதிர்பார்ப்பும் இதில் அடக்கம். வங்கியில் இருந்த உங்களுக்கு, அனுமதித்த தொகைக்கும் வழங்கிய தொகைக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியும் வேலைகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மொம்பாசாவின் இரண்டாம் சரக்குப்பெட்டி முனையம் ஜப்பானியக் கடனில் கட்டப்பட்டது. முதற்கட்டம் 2016-இலும் அடுத்த கட்டம் 2022-இலும் முடிந்தன. அங்கே இறங்கும் பெட்டிகளில் பல நைரோபிக்குப் போவது சீனக் கடனில் போட்ட இரயில் பாதையில். உகாண்டாவின் ஜின்ஜாவில் 2018-இல் திறந்த நைல் பாலமும் ஜப்பானியக் கடனே. கென்யாவின் நைவாஷா ஏரிக்கு அருகில் ஓல்காரியாவில் பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையத்துக்கு 1981 முதலே மிட்சுபிஷி சுழலிகள் சென்றன. பின்னர் தோஷிபாவும் வழங்கியது. கடன் ஜப்பானுடையது, இயந்திரமும் பெரும்பாலும் ஜப்பானுடையது என்பதால் பணத்தின் ஒரு பகுதி புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது. வட்டி மிகக் குறைவு, தவணை நீளம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடனாளி நாட்டின் நாணயம் இறங்கினால் அந்தச் சுமை அதன் தலையில்தான். உண்மையான முதலீட்டுக்கு வழிவிடும் கருவி வேறு: ஜப்பானும் கென்யாவும் 2016-இல் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் போன்றவை. அதில் தொகை ஏதும் இல்லை என்பதால் செய்தித்தாளில் பெரிதாக வருவதில்லை.

கேள்வி: தான்சானியாவின் காபிக்கு ஜப்பானில் தனி மதிப்பு என்கிறார்கள். எங்கள் சேர்வராயன் மலைக் காபிக்கு அப்படி ஒரு வாய்ப்பு உண்டா?
– சிறு தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: ஜப்பானில் தான்சானியாவின் கழுவிய அராபிகா, ஒரு பகுதி நீங்கலாக, எந்த மலையில் விளைந்தாலும் ‘கிளிமஞ்சாரோ’ என்ற பெயரில் விற்கப்படலாம் என்பது அங்குள்ள வணிக விதி. ஒரே பெயர், பல மலைகள். அந்தப் பெயர் பல பத்தாண்டுகளாக மக்கள் நாவில் பழகியதால் தான்சானியக் காபியை வாங்குவதில் ஜப்பான் முன்வரிசையில் நிற்கிறது. ஏற்காட்டுக்கு அத்தகைய பெயர் அங்கே இன்னும் கிடையாது. சிறு சிறு தோட்டங்கள் தனித்தனியே முயன்று அதை ஈட்டுவதும் கடினம்.

ஆனால் நீங்கள் கற்க வேண்டியது தான்சானியாவைவிட எத்தியோப்பியாவிடம். 2006-இல் ஜப்பான் பூச்சிமருந்து எச்ச விதியை மாற்றி, தனி வரம்பு இல்லாத எந்த மருந்துக்கும் பத்து இலட்சத்தில் 0.01 பங்கு என்ற பொது வரம்பை வைத்தது. 2008-இல் எத்தியோப்பியக் காபியில் காமா பி.எச்.சி. முதலிய மருந்துகளின் எச்சம் அனுமதித்த அளவை மீறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, சரக்குகள் துறைமுகத்திலேயே சோதனைக்கு நிறுத்தப்பட்டன. அதற்குமுன் பெரிய வாங்குபவராக இருந்த ஜப்பானுக்குப் போகும் அளவு வெகுவாகச் சரிந்தது. அங்குள்ள விவசாயிகளில் பலர் மருந்தே அடிக்காதவர்கள். செடிக்கு அடிக்காத மருந்து கொட்டைக்கு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது சந்தேகம் சணல் சாக்குகள்மேல் விழுந்தது. அதே காமா பி.எச்.சி., அதாவது லிண்டேன், நம் மலைகளில் வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்காக ஒருகாலத்தில் அராபிகாத் தண்டுகளில் பூசப்பட்டது. தடை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பழைய கொட்டகையில் அதன் டப்பாவும், அதன் அருகில் வைத்திருந்த சாக்கும் இன்னும் இருந்தால், காபியை அந்தக் கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டாம். ஒரே கிடங்கில் மிளகு, காபி, உரம் மூன்றையும் அடுக்கும் வழக்கமும் அவ்வாறே. ஜப்பானிய வாங்குபவர் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் சாக்கைப் பற்றிக் கேட்பார்.

கேள்வி: ஜப்பானியர் அங்கே விற்க மட்டும்தான் போகிறார்களா, ஆலையும் வைக்கிறார்களா? எங்களைப் போன்ற சிறு ஆலைக்காரர்களுக்கு அதில் இடம் உண்டா?
– சேகோ ஆலை உரிமையாளர், ஆத்தூர்

பதில்: வைக்கிறார்கள், எண்ணிக்கை குறைவு. டொயோட்டா சூஷோ 2016-இல் கென்யாவின் எல்டொரெட்டில் உரக் கலவை ஆலை திறந்தது. கன்சாய் பெயிண்ட் 2017-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சடோலின் வண்ணப்பூச்சு ஆலைகளை வாங்கியது; இதே கன்சாயின் நெரோலாக் ஆலை ஓசூரில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு மிகவும் பொருந்தும் எடுத்துக்காட்டு சராயா என்ற ஒசாகா நிறுவனம். கைகளைத் தூய்மை செய்யும் திரவத்தை உகாண்டாவிலேயே தயாரிக்கும் அந்நிறுவனம், அதற்கான ஆல்ககாலை ஜின்ஜாவுக்கு அருகிலுள்ள ககிரா சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து பெற்றது. ககிராவின் உரிமையாளர்கள் மாத்வானி என்னும் குஜராத்திக் குடும்பத்தார். 1972-இல் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றியபோது எல்லாவற்றையும் விட்டுச் சென்று, ஆட்சி மாறியபின் திரும்பி வந்து ஆலையை மீட்டவர்கள்.

இடம் உண்டா என்றால், மூலப்பொருளைப் பக்குவப்படுத்தித் தருபவராக உண்டு. மரவள்ளி மாவை வெறுமனே ஏற்றுமதி செய்பவராக இல்லை, ஏனெனில் மரவள்ளி அங்கேயே மலிவாக விளைகிறது. அண்மைக் காலமாக ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியாவில் செய்து ஆப்பிரிக்காவில் விற்கும் முறையையும் கையாள்கின்றன. சுசுகியின் குஜராத் ஆலையில் உருவாகும் சிறு கார்களை டொயோட்டா தன் பெயரில் அங்கே விற்பது இவ்வகை. ஜெட்ரோ என்னும் ஜப்பானிய வெளிவணிக அமைப்புக்குச் சென்னையிலும் நைரோபியிலும் அலுவலகங்கள் உள்ளன. சென்னை அலுவலகத்துக்கு எழுதும்போது உங்கள் மாவுச்சத்தின் ஈரப்பதம், வெண்மை, சாம்பல் அளவு ஆகியவற்றுக்கான ஆய்வக அறிக்கையைக் கையோடு இணைத்துவிடுங்கள். முதல் மறுமொழியிலேயே அதைத்தான் கேட்பார்கள்.