வாசகர் கேள்வி – பதில்: குழுவாகச் சைக்கிள் ஓட்டலாமா?

கேள்வி: எங்கள் பகுதிச் சைக்கிள் குழுவினர் வாரந்தோறும் சேர்ந்து ஓட்டுகிறார்கள். சேர்ந்துகொள்ள ஆசைதான், ஆனால் தனியாக ஓட்டியே பழகிய நான் பின்தங்கிவிடுவேனோ என்று தயங்குகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகச் சேருங்கள். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால், சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. முன்னால் செல்பவரின் மறைவில் ஓட்டினால் அந்த உழைப்பில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். தனியாக எட்ட முடியாத வேகம் குழுவில் கைகூடுவது இதனால்தான்.

ஆனால் அந்த நெருக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்திருக்கும்போது அவர் சற்றே விலகினாலும் இரண்டும் உரசும்; பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவரே. ஆகவே, தொடக்கத்தில் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விட்டு, அவருடைய டயரையே உற்றுப் பார்க்காமல் தோள்களுக்கு அப்பால் சாலையைக் கவனித்து ஓட்டுங்கள். திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள். பள்ளத்தைக் கையால் சுட்டிக்காட்டுவது வெறும் மரியாதையன்று. பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது.

சேருவதற்கு முன், சராசரி வேகம் என்ன, பின்தங்குபவருக்காகக் காத்திருப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு குழுவைத் தேடுவதே நல்லது. தலைக்கவசத்தோடு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவுக்குப் பொருந்தும் மாற்று டியூப் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மற்றவருடையது உங்கள் சக்கரத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.